பாதம் கழுவும் உயரம்

பெரிய வியாழன் சாயங்காலம், சாப்பாட்டு மேஜையின்மேல் போட்டிருந்த நாற்காலியில் முருகையா ஏறி உட்கார்ந்தபோது, சிற்றாலயத்து மின்விசிறி அவன் தலைக்கு ஒரு முழம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. தலை போனால் இரத்தசாட்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களா என்று பக்கத்து மேஜையிலிருந்த ரூபாவிடம் கேட்டான்.

"லைவ்ல போனா சேத்துக்குவாங்க" என்றாள் அவள்.

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்த இறையியல் கல்லூரியின் முதல்வர் ரெவரண்ட் டாக்டர் பிரேம்நாத், பணிவிடைத் தலைமைத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பர்மிய வழக்கப்படி மாணவர்கள் அவரை சயாஜி, அதாவது பெரிய ஆசான், என்று கூப்பிட வேண்டும். வெறும் சயா என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. தலைவன் என்பவன் குனிய வேண்டும் என்பதை அவர் இரண்டு பருவம் பாடமாக நடத்துவார். குனிவதற்கு மட்டும் அவர் இடுப்பு சம்மதிப்பதில்லை. முருகையா சேர்ந்த வருஷம் பாதம் கழுவும் ஆராதனைக்கு மாணவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் பெஞ்சு மேடைமேல் ஏறியது. இந்த வருஷம் சமையற்கூடத்திலிருந்து மேஜைகள் வந்துவிட்டன. "பிறரை உயர்த்துறதுதான் தலைமைத்துவம்" என்று சயாஜி விளக்கம் சொன்னார். இந்த வேகத்தில் போனால் இன்னும் நாலு வருஷத்தில் மாணவர்கள் கூரையைப் பிரித்துக்கொண்டு பரமேறிவிடுவார்கள் என்பது முருகையாவின் கணக்கு.

கழுவப்போகும் கால்களை முன்கூட்டியே குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்பதும் விதி. வெளிநாட்டு அன்பர்கள் லைவில் பார்ப்பார்கள். குதிகால் வெடித்திருந்தவர்களுக்கு சயாஜியின் மனைவி சாந்தி தேங்காயெண்ணெய் கொடுத்தாள். செல்போன்களையெல்லாம் ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காமிராவுக்கு வெளிச்சம் கண் கூசக் கூடாதென்று ஜன்னல்களை அடைத்துக் கறுப்புத் திரையும் போட்டாயிற்று.

இத்தனைக்கும் நடுவே முருகையாவின் கவனமெல்லாம் சயாஜி சொல்லப்போகும் ஒரு ஊர்ப்பெயரில் இருந்தது. படிப்பை முடிக்கும் மாணவனின் பாதத்தைக் கழுவும்போதுதான், அவன் எந்தச் சபைக்குப் போகவேண்டும் என்பதை சயாஜி அறிவிப்பார். அங்கே அப்படித்தான் வழக்கம். முன்னால் கேட்டால் அது அகந்தை. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் ஒரு தகரக் கொட்டகைச் சபை போதகர் இல்லாமல் கிடந்தது. நகரத்து மாணவன் எவனும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டான். முருகையாவுக்கு அதுதான் வேண்டும். அங்கே அவன் அம்மா சொர்ணம்மாள் இரண்டு கண்ணும் மங்கிப்போய்த் தனியாக இருந்தாள். சனிக்கிழமை தோறும் படகேறிப் போய் அவளுக்கு ஆக்கி வைத்துவிட்டு வருவான். வடக்கே அனுப்பிவிட்டால் தீர்ந்தது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்தக் காலத்தில் வாலிபப் பையன் ஒருவன் சோதனைச் சாவடிகளைத் தாண்டி நினைத்தபோது வீடு திரும்ப முடியாது.

கேட்கக் கூடாது, ஆனால் சேவிக்கலாம். மூன்று வருஷமாக அவன் சயாஜியின் செருப்பைச் சேவித்துவந்தான். எல்லோர் செருப்பும் வாசலில் கிடக்கும். சயாஜியின் தோல் செருப்பு மட்டும் உள்ளே வரும். ஆராதனை முடிந்து அவர் திரும்பும்போது கால் நுழைக்கத் தோதாக அது வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் அவன் கற்ற இறையியலில் பயனுள்ள பகுதி இதுவே. இன்று தான் மேலே ஏறப்போவதால், செருப்பைத் தன் மேஜைக்கு அடியிலேயே பத்திரப்படுத்தியிருந்தான்.

சயாஜியின் அக்கா மகன் ஜெயசீலன் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தான். லைவ் தொடங்கியது. சயாஜி நின்றபடியே ஒவ்வொரு காலாகக் கழுவி, முகத்தில் தாழ்மையோடு டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். ரூபாவின் காலைத் துடைத்து, "மகளே, பெகு சபை" என்றார். பிறகு முருகையாவின் மேஜைக்கு வந்தார். வலது கால் தாம்பாளத்துச் சோப்புத் தண்ணீரில் இறங்கியது.

"மகனே, ஆண்டவர் உன்னை அனுப்பும் இடம்..."

விசிறி நின்றது. விளக்குகள் போயின. "மீ ப்யெட்!", கரண்ட் போச்சு, என்று பாதிச் சபை பழக்கதோஷத்தில் பர்மியத்தில் கத்தியது.

"மாமா, லைவ் கட்டாயிருச்சு" என்றான் ஜெயசீலன்.

அந்தச் சொல் காதில் விழுந்ததுமே சயாஜியின் கை முருகையாவின் காலை விட்டது. தாம்பாளம் ஒரு பக்கம் சாய்ந்து மேஜையெல்லாம் தண்ணீர் ஓடியது.

"ஜெனரேட்டரைப் போடுறா!"

"டீசல் உங்க ரூம் ஏசிக்குத்தான் இருக்குன்னு அத்தை சொல்லிருக்காங்க, மாமா." கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் டேப்லெட்டோடு வெளியே ஓடினான். கதவு தானே சாத்திக்கொண்டது. இருந்த ஒரே வெளிச்சமும் போயிற்று.

"சயாஜி, என் ஊரு?" என்றான் முருகையா.

"எந்த ஊரு?"

"என்னைய அனுப்புற ஊரு."

"அதுவா? லைவ் இல்லாம எப்படிச் சொல்றது தம்பி? நாளைக்கு எடுத்துக்கலாம்."

"டாலால அம்மா தனியா இருக்கு, சயாஜி. கண்ணு தெரியாது."

"எல்லாருக்கும் அம்மா இருக்கு." இருட்டில் சயாஜியின் வெறுங்கால்கள் ஈரத்தரையைத் துழாவும் சத்தம் கேட்டது. "என் செருப்பு எங்க? முருகையா!" மூன்று வருஷத்தில் அவர் அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "செருப்பை எடுத்துக் குடு. டாலாவைப் பத்தி யோசிப்போம்."

முருகையா கீழே இறங்கி, கையை நீட்டி எடுத்தால் போதும். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே, செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்த அத்தனை நாட்களும் வந்தன.

"தெரியலையே, சயாஜி."

"நீதானே வச்சே?"

"வச்சேன். இருட்டுல தெரியல."

"நல்லாக் குனிஞ்சு பாருங்க சயாஜி, அங்கனதான் கிடக்கும்" என்றாள் ரூபா, மிகுந்த பணிவோடு.

எதிர்பாராதது நடந்தது. அங்கி சரசரத்தது. ஒரு முழங்கால் தரையில் பட்டது, பிறகு மற்றொன்று. பணிவிடைத் தலைமைத்துவம் நாலு காலில் மேஜைகளுக்கிடையே முனகிக்கொண்டு தவழ்ந்தது. காமிரா வெளியே ஜெனரேட்டரைத் தேடிக்கொண்டிருந்தது.

முருகையா ஒரு காலில் சோப்பு நுரையோடு மேலேயே உட்கார்ந்திருந்தான். மேஜை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிமெண்டில் விழும் சொட்டுக்கு ஒரு சத்தம், மேஜைக்கு அடியில் செருப்பின் தோலில் விழும் சொட்டுக்கு வேறு சத்தம். சயாஜியின் உள்ளங்கை தரையைத் தட்டித் தட்டி, அந்த இரண்டாவது சத்தத்தை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது.