கைப்பைக்குள் அடங்குவது

மேசையில் ஒரு பழைய போர்வையை விரித்து, அதன் மேல் இரண்டு துப்பாக்கிகளை வைத்திருந்தார் முத்துச்செல்வி அக்கா. ஒன்று என் கணவர் வைத்திருந்தது போன்ற இரட்டைக்குழல். மற்றது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீண்ட ரிவால்வர்.

"எதுட்டி எடுக்கே?"

"பயமா இருக்குக்கா."

"பயமில்லாதவளுக்கு நான் சொல்லிக்குடுக்க மாட்டேன். எதுன்னு சொல்லு."

அக்கா ஆயுதப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய குற்றாலம் போகும் சாலையில், ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால், மலையடி மண்மேட்டைப் பார்த்த தகரக் கொட்டகையில் பயிற்சி நடந்தது. நான் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டிருந்தேன். பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்று சான்றிதழ் கொண்டுவந்தால்தான் மனு நகரும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கான தேர்வில் எந்தத் துப்பாக்கியால் சுடப்போகிறேன் என்று அன்று முடிவு சொல்ல வேண்டும்.

எனக்கு இரட்டைக்குழல் மேல் ஒரு பிடிப்பு இருந்தது. பன்றி விரட்ட வாங்கியதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் என் கணவர் குற்றாலீஸ்வரன் வயலுக்குப் போவார். சுரண்டைப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்து மண்ணை லாரி லாரியாக அள்ளிய மணிமுத்துவின் மேல் அவர் புகார் கொடுத்த பிறகும், அது தோளில் இருந்தவரை ஒருவரும் அவர் பக்கத்தில் வரவில்லை. தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோரையும் போல அவரும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு நடந்து வந்தார். டீக்கடையில் மணிமுத்துவின் தம்பி மாரிராஜ் கேட்டிருக்கிறான்.

"என்னண்ணாச்சி, தோள் லேசாயிட்டு போல?"

"ஆமாடே, எலக்ஷன் முடியட்டும்னு குடுத்திட்டேன்."

கேட்டால் பதில் சொல்லித்தானே பழக்கம். வீட்டுக்கு வந்து என்னிடமும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வாரமே, வாசல் கேட்டை அவர் திறந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து பைக்கில் வந்தார்கள். நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன். அரிவாளோடு இறங்கி அவரை வெட்டிக் கொன்ற மணிமுத்துவின் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவன் இப்போது ஜாமீனில் வெளியே இருந்தான். கோர்ட்டில் ஏறிச் சொல்லும்வரை நான் உயிரோடு இருக்க வேண்டும். அன்றிலிருந்து தலைக்கு ஊற்றும்போதுகூடக் கண்ணை மூடியதில்லை. சோப்பு எரியும், எரியட்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ்ஸுக்கு நின்றால் முதுகுக்குச் சுவர் வேண்டும். பின்னால் ஒரு பைக் வேகத்தைக் குறைத்தால் பக்கத்துக் கடைக்குள் ஏறிவிடுவேன்.

இரட்டைக்குழலை எடுத்துச் சுட்டேன். தோளில் யாரோ உதைத்தது போலிருந்தது. தகரக் கூரையில் சாரலுக்கு ஒடுங்கியிருந்த குரங்குகள் சிதறி ஓடின. அவற்றில் ஒன்று இறங்கி வந்து, பெஞ்சில் கிடந்த என் கைப்பையைத் துழாவியது.

"சின்னதை எடுத்தேன்னா பையை இப்படிப் போடக்கூடாது கேட்டியா," என்றார் அக்கா, குரங்கை விரட்டியபடி. "குத்தாலத்துக் குரங்கு தூக்கிட்டுப் போயிரும். அதுக்கு எவன் லைசென்ஸ் குடுப்பான்?"

நான் சிரிக்கவில்லை. அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெருசுன்னா தூரத்துலேயே தெரியும். பாத்தவன் ஒதுங்குவான். ஆனா அது இல்லாத அன்னைக்கும் தூரத்துலேயே தெரிஞ்சிரும்லா."

வெறும் தோளோடு டீக்கடையில் நின்றவரை நினைத்தேன். ரிவால்வரைக் கையில் எடுத்தேன்.

தேர்வில் ரிவால்வரால் சுட்டேன். தேறினேன். சில மாதங்களில் லைசென்ஸும் வந்தது. கைப்பைக்குள் அந்தக் கனம் வந்த பிறகு பயம் குறைந்ததா என்றால், இல்லை. பஸ்ஸில் பக்கத்துக்காரி பையில் சாய்ந்தாலும் அதை இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

பிறகு சாட்சி சொல்லும் தேதி வந்தது. அதற்கு முன்பாகவே அடுத்த தேர்தலை அறிவித்துவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. எனக்கு விலக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. கெடு முடியும் நாளில் ஆட்டோவில் போய் ரிவால்வரை ஒப்படைத்தேன்.

வீட்டுக்கு வந்து பையை மாட்டிப் பார்த்தேன். அது லேசாக ஆடியது. அடுப்படியில் கிடந்த பழைய எடைக்கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைத்த பிறகுதான் முன்பு போலத் தொங்கியது.

சாட்சி சொல்லும் நாளில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பழக்கடை ஓரத்தில் மாரிராஜ் நின்றிருந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பைக், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அதில் இரண்டு பேர்.

"என்ன மயினி, கோர்ட்டுக்கா?" என்று கூடவே நடந்தான். "ஸ்டேஷன்ல குடுத்தாச்சா?"

அதே டீக்கடைக் கேள்வி. ஆமாம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையைப் பைக்குள் விட்டேன். விரல்கள் எடைக்கல்லைப் பிடித்துக்கொண்டன.

"எதைக் கேக்கிய?"

"எலக்ஷன்லா. எல்லாரும் குடுக்கணும்லா."

"எல்லாரும்னு இல்ல தம்பி. உயிருக்கு ஆபத்துன்னு எழுதிக் குடுத்தா சில பேருக்கு விடுதாங்க."

அவன் பையைப் பார்த்தான். பையின் அடி கனத்துத் தொங்கியது.

"உங்களுக்கு விட்டுட்டாங்களாக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. கையையும் வெளியே எடுக்கவில்லை. அவன் நடையைக் குறைத்தான். ரோட்டைப் பார்த்துத் திரும்பி, கழுத்தைச் சொறிந்தான். அந்த பைக் கிளம்பிச் செங்கோட்டைப் பக்கம் போனது. அது சைகைதானா, இல்லை வெறுமனே சொறிந்துகொண்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கோர்ட் வாசல் வரைக்கும் முதுகு முழுக்க ஊசி குத்துவது போலிருந்தது.

வாசலில் பெண் போலீஸ் பையைத் திறந்து துணியைப் பிரித்தாள்.

"என்னக்கா இது, படிக்கல்லு? உள்ள யாவாரம் பண்ணப் போறியளா?"

"நீயே வச்சுக்கோம்மா," என்றேன்.

பையையும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றேன். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கை நடுங்கியது. அன்று நான் பார்த்த ஆள் இங்கே இருக்கிறானா என்று வக்கீல் கேட்டார்.

நடுங்கிய கையை அப்படியே நீட்டி மணிமுத்துவைக் காட்டினேன்.