பவுடர் புள்ளிகள்

திருக்கனூரில் எங்கள் மார்பகப் பரிசோதனை வேன் நின்ற அன்று, வரிசையில் நாற்பது பெண்கள். எக்ஸ்ரே படம் எடுப்பவள் நான் ஒருத்திதான். இருபத்தேழாவதாக வந்தவர் மளிகைக்கடை ஜாபர் அலியின் மனைவி மெஹர் நிஷா. வியர்வை நாற்றம் எனக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அக்குளில் பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைத் துடைக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை. சொல்லவில்லை. பசி, அவசரம். தட்டு மார்பை அழுத்தியதும் அவர் கூச்சத்தில் பின்னால் நழுவினார். அதையும் பார்த்துக்கொண்டே படத்தை எடுத்துத் தொலைத்தேன்.

மறுநாள் டாக்டர் விஜயராணி கூப்பிட்டார். படத்தில் அக்குள் பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"கேன்சர்லயும் இப்படி வரும், பவுடர்லயும் வரும். தொடச்சியா இல்லியா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"வரச் சொல்லி மறுபடி எடு."

மெஹர் நிஷா ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தார். "வூட்ல சொல்லல. பசங்களுக்குப் பரீட்சை," என்றார்.

"தப்பு என்னோடதுதான்க்கா. பவுடரத் தொடைக்காம எடுத்துட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். "நாத்தம் அடிக்குமேன்னுதாம்மா போட்டேன்," என்று அவர்தான் கூனிக் குறுகினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஈரத்துணியால் நானே துடைத்துவிட்டேன். அவர் மூச்சு சீராகும்வரை காத்திருந்தேன். தோளைத் தளர்த்தி, நெஞ்சோரம்வரை தட்டில் பதியவைத்து, நிதானமாக எடுத்தேன்.

புள்ளி ஒன்றுகூட இல்லை. சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. நெஞ்சையொட்டிய ஓரத்தில், அன்று அவர் நழுவியதால் முதல் படத்தில் விழாமலே போன இடத்தில், பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கட்டி.

ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். ஆரம்பம் என்பதால் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள்.

ஒரு வருடம் கழித்து வேன் மறுபடி திருக்கனூர் போனது. மெஹர் நிஷா தன் நாத்தனார் ஹப்சாவோடு வந்தார், முகம் தெளிந்திருந்தது. "பவுடர் போடாதடின்னு ஒரு வாரமா சொல்லிக்கினே இருந்தேன்," என்றார்.

ஒரு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். "அந்தப் பவுடர் இல்லன்னா, மொதப் படத்தப் பாத்துட்டே ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்கன்னு அனுப்பியிருப்போம்க்கா."

அவர் என் கன்னத்தைத் தொட்டார்.

"செரி, இவளுக்கு மெதுவா எடு. வெளிய எத்தினி பேர் கத்துனாலும் நான் பாத்துக்கிறேன்," என்று சொல்லி, வேன் கதவுக்கு வெளியே போய்க் காவலுக்கு நின்றுகொண்டார்.