வெளியூருக்கு நாலு கிடையாது

ஸ்கோர் போர்டுக்குப் பின்னால் நின்று வேலை செய்பவனுக்கு முழு மைதானம் கொடுத்துவைக்கவில்லை. எண் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கும். அதில் கண்ணை வைத்தால் இடது பக்கக் கோல் கம்பமும் அதை ஒட்டிய மூலைக்கொடியும் தெரியும், நடுவட்டம் பாதி தெரியும். வலது பக்கம் நடப்பதைக் காதால்தான் பார்க்க வேண்டும். கூட்டம் கூரை பிய்யக் கத்தினால் உள்ளூர் அணி கோல் போட்டிருக்கிறது. இழவு விழுந்ததுபோல் அடங்கிப்போனால் எங்கள் அணி போட்டிருக்கிறது.

எங்கள் அணி என்று நான் சொல்வது வெளியூர் அணியை. நான் பிறந்தது அந்த ஊரில், பெண் எடுத்தது இந்த ஊரில். வேலையும் பெண் வீட்டு வழியாக வந்ததுதான். போர்டில் உள்ளூர்ப் பக்கத்து எண்ணை மாட்டுவது என் மனைவியின் தம்பி. வெளியூர்ப் பக்கம் என்னுடையது. மச்சான் நிரந்தர ஊழியன். நான் கல்யாணமான நாளிலிருந்து தற்காலிகம். கல்யாணம் மட்டும்தான் நிரந்தரம்.

அதற்கு அன்று விடிவு வருவதாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். மைதானத்தின் கௌரவச் செயலாளர். சம்பளம் இல்லாத பதவி. அந்தக் குறையை அவர் மற்றவர்கள் எழுந்து நிற்பதில் ஈடுகட்டிக்கொள்வார்.

"இன்னைக்கு வர்றது உன் ஊர் டீமு" என்றார் காலையில், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து. "உன் முகம் எனக்குத் தெரியாது. போர்டு மறைச்சிடும். ஆனா தகடு மாட்டுற கை தெரியும். நான் கையைத்தான் பார்ப்பேன். நம்ம கோலுக்கு ஒரு வேகம், அவங்க கோலுக்கு ஒரு நிதானம். அந்த விசுவாசம் கையில தெரிஞ்சா நாளைக்கே நிரந்தரம். இல்லேன்னா உன் ஊருக்கு அடுத்த பஸ் எப்பன்னு விசாரிச்சுக்கோ."

வீட்டில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "ஏங்க, உங்க ஊர்க்காரன் கோல் போட்டா கொட்டாவி விடுங்க. அது போதும்."

செயலாளரின் விசுவாசம் போர்டிலேயே தெரியும். உள்ளூர் எண் தகடுகள் வெளியூர்த் தகடுகளைவிட ஒன்றரை மடங்கு பெரியவை. ஆட்டம் சமமாக இருந்தாலும் பார்க்கிறவன் கண்ணுக்கு நாம் ஜெயிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வெளியூர்க்காரன் இந்த மைதானத்தில் மூன்றுக்கு மேல் போட்டதில்லை என்பதால், வெளியூர்த் தகடுகளில் நாலும் அதற்கு மேலும் சும்மா கிடப்பானேன் என்று வேறு நற்பணிகளுக்குத் திருப்பிவிட்டார். ஐந்து தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. ஆறும் ஏழும் சைக்கிள் ஷெட் கூரையில். நாலின் முதுகுக்கு வெள்ளையடித்து, 'கௌரவச் செயலாளர். அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று எழுதித் தன் அறைக் கதவில் மாட்டிக்கொண்டார். கதவில் பாதி அதுதான்.

அந்த அறைக்கு நேர் மேலே, இரும்பு ஏணி ஏறினால் எங்கள் போர்டு.

சமமாக முடிந்தாலே உள்ளூர் அணிக்குக் கோப்பை. எங்களுக்கு ஜெயித்தால்தான் முதல் டிவிஷனில் இடம், இல்லையென்றால் இறங்கிப்போக வேண்டியதுதான். அதனால் விசில் ஊதும் முன்பே நான் கொட்டாவி விட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமா, ராத்திரி தூங்கலையா?" என்றான் மச்சான்.

"உன் அக்கா உத்தரவுடா."

"இன்னைக்கு உங்க ஆளுங்களுக்கு முட்டைதான். சைபர் தகட்டைத் துடைச்சு வையுங்க, சாயங்காலம் வரைக்கும் தொங்கணும்."

முதல் பாதியில் எங்கள் அணி இடது பக்கம் அடித்தது. எல்லாம் என் கண்ணெதிரில். முதல் கோல் உள்ளூர்த் தடுப்பாட்டக்காரன் ஒருவனின் முதுகில் பட்டு உள்ளே போனது. அவன் அந்தப் பக்கம் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது பெனால்டி. மூன்றாவதை அடித்தவன் பந்தை யாருக்கோ கொடுக்க நினைத்தான், காற்று அதைக் கோலுக்குக் கொடுத்துவிட்டது. திறமை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. ஆனால் போர்டில் திறமையை மாட்டக் கொக்கி கிடையாது.

ஒன்றைக் கழற்றினேன், இரண்டை மாட்டினேன். இரண்டைக் கழற்றினேன். உள்ளே ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான். வெளியே கை மட்டும் ஆஸ்பத்திரி வார்டில் திரை மாற்றுவதுபோல் நகர்ந்தது.

ஆணியில் தொங்கிய வாக்கி-டாக்கி கரகரத்தது. "மூணாவது மாட்டும்போது கை கொஞ்சம் துள்ளுச்சே?"

"தகடு வழுக்கிடுச்சு சார்."

"வழுக்கக் கூடாது."

இடைவேளையில் என் அண்ணன் போன் பண்ணினான். எதிர் மூலையில், வெளியூர்க்காரர்களுக்கென்று கம்பி கட்டி ஒதுக்கிய இடத்தில், ஒரு பஸ் நிறைய ஆளைக் கூட்டி வந்து உட்கார்ந்திருந்தான்.

"டேய் தம்பி! மூணுடா! நீ மாட்டுற அழகு இருக்கே! இது எங்க தம்பி கைடான்னு பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"சொல்லாதண்ணே. போனை வை."

இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி இடது பக்கம் அடிக்க ஆரம்பித்தது. அதாவது நான் பார்க்கக் கூடாததெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் மூன்று கோல் முன்னிலையை, வாங்கிய துணியைத் திருப்பித் தருபவர்கள்போல், ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தார்கள். முதல் கோலுக்கு எங்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டுப் பின்னால் கோட்டைத் தாண்டி விழுந்தான். இரண்டாவதற்கு எங்கள் ஆட்கள் இருவர் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, தங்கக்கால்.

உள்ளூர் அணியின் நட்சத்திரத்தை ஊரே அப்படித்தான் கூப்பிடும். ஆனால் இதைத் தலையால் அடித்தான். அடித்த வேகத்தில் கம்பத்திலும் மோதி நெற்றி பிளந்தது. ரத்தம் வழிய இரு கையையும் தூக்கிக்கொண்டு, தையல் போட உள்ளே நடந்து போனான். மச்சான் பெரிய மூன்றை மாட்டி, அதைப் பிடித்து ஆட்டி, இரும்புச் சட்டமே அதிர நடனம் ஆடினான்.

"இனிமே தொடவே வேணாம் மாமா. கோப்பை எங்களுக்கு. நீங்க அடுத்த வருஷம் கீழ் டிவிஷன்ல போய், மாட்டுச் சாணியை ஒதுக்கிட்டு விளையாடுங்க."

நான் இடைவெளியில் கண்ணை ஒட்டிக்கொண்டு நின்றேன். தங்கக்கால் இல்லாமல் உள்ளூர் அணி பத்துப் பேராக ஓடிக்கொண்டிருந்தது. பந்து நடுவட்டத்தைத் தாண்டி வலது பக்கம், என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனது. கூட்டம் கத்தியது. கத்தலில் பாதி பயம். பிறகு 'ஐயோ' என்று ஒரு குரல் தனியாகக் கேட்டது.

பிறகு அடங்கியது.

அந்த அமைதியின் ஓரத்தில், வெகு தூரத்தில், ஒரு பஸ் நிறைய ஆட்கள் மட்டும் கதறினார்கள். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

என் கை தானாக அடுத்த தகட்டுக்குப் போனது. சுவர்தான் தட்டுப்பட்டது.

வாக்கி-டாக்கியை எடுத்தேன். "சார், வெளியூருக்கு நாலு."

"தெரியும். கண்ணு இருக்கு."

"நாலு தகடு இல்ல சார். உங்க கதவுல இருக்கு. ஸ்க்ரூவைக் கழட்டட்டுமா?"

"என் பேர்ப்பலகையையா? ஜனங்க பார்க்க ஒருத்தன் அதைத் தூக்கிட்டு ஏணி ஏறுறதா? இன்னும் கொஞ்ச நேரம்தானே, மூணே இருக்கட்டும். கோல் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். அதை ஊர்வலம் விட வேண்டாம். இது என் உத்தரவு. இப்பதான் உன் விசுவாசத்தைப் பார்க்கப் போறேன்."

எங்கள் அணி முன்னிலையில் இருக்கிறது, போர்டு இல்லை என்கிறது, அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் கை. சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. அண்ணன். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. கம்பி வேலிப் பக்கமிருந்து "நாலு! நாலு!" என்ற கூச்சல் வந்தது. அதில் என் பெயரும் இருந்தது, பெயருக்கு முன்னாலும் பின்னாலும் வேறு சில சொற்களும் இருந்தன.

அப்போதுதான் தங்கக்கால் திரும்பி வந்தான்.

தலையில் தலைப்பாகை மாதிரிக் கட்டு. ஊரே எழுந்து நின்றது. அவன் கோட்டருகில் நின்று, ஒரு தளபதியைப்போல் நிமிர்ந்து, போர்டைப் பார்த்தான். நேராக என் ஓட்டையைப் பார்த்ததுபோல் இருந்தது. மூன்றுக்கு மூன்று. தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். பந்து அவனிடம் வந்தது. கோலுக்கு எதிரே வெட்டவெளி. அவன் பந்தை மூலைக்கொடிக்கு ஓட்டிப் போய், முதுகைக் காட்டிக் குனிந்து, அடைகாக்க ஆரம்பித்தான்.

சமம் போதும் என்று நேரத்தைக் கடத்துகிறான். அவனைப் பொறுத்தவரை கோப்பை கையில் இருந்தது.

சக ஆட்டக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மைதானமே விரல்களைக் காட்டிக் கத்தியது. அவன் ஒரு கையைத் தூக்கி, அன்பை ஏற்றுக்கொண்டேன், அமைதி காக்கவும் என்று சைகை காட்டினான்.

மச்சான் எழுந்து இடைவெளியில் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகம் மாறியது.

"மாமா! அவன் நம்ம போர்டைப் பார்த்து ஆடுறான்! நாலை மாட்டுங்க!"

"செயலாளர் உத்தரவுடா மச்சான்."

"எங்க டீம் தோத்துக்கிட்டு இருக்கு!"

"உத்தரவு உத்தரவுதான். நான் தற்காலிகம்."

சொல்லும்போது என் குரலில் இருந்த கடமையுணர்ச்சியைக் கேட்டு எனக்கே புல்லரித்தது. மச்சான் வாக்கி-டாக்கியைப் பிடுங்கினான். "சார், போர்டு சார்! போர்டை மாத்தச் சொல்லுங்க!"

"ஓடுடா மடையா, கோலைப் பார்த்து ஓடு!" என்று மைதானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த குரல், இந்தப் பக்கம் திரும்பியது. "போர்டா? இப்ப அதுவா முக்கியம்? சொன்னா சொன்னதுதான்! கையை வெட்டிடுவேன்!"

மச்சான் வாக்கி-டாக்கியை என் காலடியில் போட்டுவிட்டு ஏணியில் சறுக்கினான். கீழே கதவு உடைபடும் சத்தம். ஸ்க்ரூ ஒவ்வொன்றாகத் தெறித்தது. நான் ஓட்டையில் கண்ணை வைத்தேன். தங்கக்கால் இன்னும் மூலையில். எங்கள் ஆட்கள் மூவர் அவனைச் சுற்றி நின்று, பந்தைப் பறிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். பறிக்கவில்லை. எங்கள் அணி அன்று அறிவோடு செய்தது அது ஒன்றுதான். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊதுடா, ஊதித் தொலை. என் உள்ளங்கை வியர்த்து, பிடித்திருந்த சட்டம் வழுக்கியது.

மச்சான் மூச்சிரைக்க ஏறி வந்தான். என்னை இடித்துத் தள்ளினான். மூன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கொண்டுவந்ததைக் கொக்கியில் மாட்டினான். மாட்டிய பிறகு எங்கள் இருவருக்கும் எதிரே, தகட்டின் உட்பக்கத்தில், பளிச்சென்று நாலு தெரிந்தது.

"மச்சான்" என்றேன் மெதுவாக. "நாலு நம்மளைப் பார்த்துக்கிட்டு இருக்கு."

வெளியே முதலில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு ஒரு வரிசை. பிறகு கோப்பையைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த மொத்த ஊரும், வயிற்றெரிச்சலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உள்ளூர் மூன்று. வெளியூர், கௌரவச் செயலாளர், அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.

சிரிப்புச் சத்தத்தில் தங்கக்கால் தலை நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். படித்தான். மறுபடி படித்தான். தலைக்கட்டைச் சொறிந்தான். அந்த நேரத்தில் பந்து அவன் காலிலிருந்து போய்விட்டது. விசில் ஒலித்தது.

செயலாளர் ஏணி ஏறி வந்தபோது முகம் செக்கச்செவேலென்று இருந்தது. "என் பேரை யார் மாட்டினது?"

"நான்தான்" என்றான் மச்சான், என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டு. "இவரைக் கெஞ்சினேன், கத்தினேன். உங்க உத்தரவுன்னு கல்லு மாதிரி நின்னாரு. அசையவே இல்ல!"

அவன் குற்றம் சாட்டினான். செயலாளர் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அவங்க ஊர்ல பொறந்தவன்" என்றார். "சொந்த ஊர் கோலை மறைச்சு நின்னிருக்கான். இந்த ஊர்ல பொறந்தவன் என் கதவை உடைச்சிருக்கான். நாளைலேருந்து நீ நிரந்தரம்யா. வா, பலகையை எடு. என்னோட நட. ஜனங்க பார்க்கட்டும்."

பலகையை மார்போடு அணைத்து, அவர் பக்கமாகப் பெயர் தெரியும்படி பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். தோளில் அவர் கை. வாசலில் எங்கள் ஊர் பஸ் நின்றிருந்தது. ஜன்னலில் அண்ணன். ஜெயித்தவன் முகமாக இல்லை.

"ஏன்டா, பொறந்த ஊர் கோலை மறைச்சவனே! சம்பளத்துக்காக இதையும் செய்வியா? இனிமே வீட்டுப் படி ஏறாத. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்!"

தோளில் இருந்த கை என்னைத் தட்டிக்கொடுத்தது. "கண்டுக்காதே. விசுவாசத்துக்கு இதெல்லாம் வரும்."

வாயைத் திறந்தால் வேலை போச்சு. மூடிக்கொண்டால் அண்ணன் போச்சு. தங்கக்காலை மூலையில் நிறுத்தியது எது என்று அந்த பஸ்ஸில் ஒருவனுக்கும் தெரியாது.

நான் பலகையை மார்பிலிருந்து எடுத்து, செயலாளர் தன் பெயரை நன்றாகப் படிக்கும்படி, அவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே தூக்கிப் பிடித்தேன். நிதானமாகத்தான் தூக்கினேன்.

பஸ் பலகையின் மறுபக்கத்தைப் படித்தது. பிறகு கூரை பிய்யக் கத்தியது. ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை தொங்கினார்கள். என் அண்ணன் பஸ் தகரத்தை இரு கையாலும் தட்டிக்கொண்டே என் பெயரைச் சொல்லிக் கத்தினான். இந்தத் தடவை முன்னாலும் பின்னாலும் வேறு சொற்கள் இல்லை.

செயலாளர் சற்று நின்றார். தலையைத் தாழ்த்தி, கைகூப்பி, ஆரவாரத்தை ஏற்றுக்கொண்டார்.

"பார்த்தியா?" என்றார் நெகிழ்ந்துபோய். "வெளியூர்க்காரனுக்கும் ஒரு மரியாதை தெரியுது. இன்னும் கொஞ்சம் உயரமாப் பிடி."

பிடித்தேன்.