சைகல் கட்டிய சிவப்புத் துணி

மக்சத் குழி தோண்டிக்கொண்டிருந்தான். பாப்லர் மரங்களின் பஞ்சு மிதந்து வந்து அவன் வியர்வையில் ஒட்டியது. நாட்டின் எல்லைக்கு வேலி போடுகிற வேலை. சர்வேயர்கள் ஏற்கெனவே மரத்துக்கு மரம் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். துணி இருக்கிற இடத்தில் கம்பம், அவ்வளவுதான். ஆப்ரிகாட் பழுக்கிற அந்த மாதத்தில் ஊரே அரைத்தூக்கத்தில் கிடக்கும். எல்லைக்கோடு மட்டும் எப்படி விழித்துக்கொண்டதோ தெரியவில்லை.

அடுத்த துணியைத் தேடி நிமிர்ந்தான். அது அவன் அண்ணி சைகலின் வீட்டை ஒட்டிய மரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய ஆப்ரிகாட் தோப்பு முழுக்க அதற்கு அப்பால். அந்தப் பழத்தை உலர்த்தி விற்றுத்தான் அவள் வீட்டில் குளிர்காலம் முழுக்க அடுப்பெரியும்.

மாவு ஒட்டிய கையோடு சைகல் ஓடிவந்தாள்.

"இங்க எதுக்குடா தோண்டுற? எல்லை தோப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்ல இல்ல போகுது?"

"துணி இங்கதானே இருக்கு, அண்ணி."

"பாவி! அது நான் கட்டுனது. தோப்பு கைய விட்டுப் போகக் கூடாதுன்னு நேத்து வேண்டிக்கிட்டுக் கட்டுனேன்."

வேண்டுதலுக்கு மரத்தில் துணி கட்டாதவர் அந்தப் பள்ளத்தாக்கில் யார்? மக்சத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"வேற கலரே கிடைக்கலையா உனக்கு?"

"கல்யாணச் சால்வையில கிழிச்சேன்டா. சாமி காரியம், ஒசத்தியா இருக்கட்டும்னு."

நகரத்திலிருந்து வந்த மேஸ்திரி அருகில் வந்தார். அவர் கெட்டவர் இல்லை.

"வாய்க்கால்ல அடிச்ச முளையெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சும்மா. ரெண்டு நாட்டு மேப்பும் இந்த இடத்துல ஒத்து வரல. காலையில அதிகாரிங்க வந்து, துணி கட்டின மரமே எல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"அப்ப அவுத்துடறேன்."

"தாராளமா எடுத்துக்குங்க. இனிமே அது எதுக்கு?"

அவள் முடிச்சை அவிழ்த்தாள். மக்சத் அவள் முகத்தைப் பார்க்காமல் தோண்டினான். அவன் விட்டால் இன்னொருவன் தோண்டுவான். ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேலி எழும்பியது. அந்தப் பக்கம் பறிக்க ஆளில்லாமல் பழங்கள் பொத்துப் பொத்தென்று புல்லில் விழுந்தன. மதியத்தில் கண் அயரும்போதெல்லாம் சைகலுக்கு அந்தச் சத்தம் கேட்கும். வாசனை மட்டும் யாரையும் கேட்காமல் கம்பிக்குள் நுழைந்து வீட்டுக்கு வரும்.

ஒருநாள் அவள் வேலியோரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் மரநிழலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பக்கத்து நாட்டுச் சிப்பாய் அவளைப் பார்த்தான். மீசை சரியாக முளைக்காத முகம். எழுந்து, நல்ல பழமாக ஒன்று பறித்து, சட்டையில் துடைத்து, கம்பி இடுக்கில் நீட்டினான்.

"சாப்பிடுங்கக்கா. எங்க ஊரு பழம், நல்லா இனிக்கும்."

சைகல் விருந்துக்கு வந்தவள்போல இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.