அடக்கி வைத்த எச்சரிக்கை

ஞாயிறு மதியம் தென்காசி ஆபீஸில் நானும் என்னோடு வேலை பார்க்கும் நிலோபரும்தான் இருந்தோம். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்து விழுந்தன. குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் அடிப்பதற்கு எங்கள் சின்ன நிறுவனம் சோதனைக்கு வைத்த சைரனின் புரோகிராம் நின்றுபோயிருந்தது. என் வீட்டுக்காரர் சுடலைராஜ் மகள் அபியோடு ஐந்தருவிக்குத்தான் போயிருந்தார்.

தப்பு என்னுடையது. ஒவ்வொரு அருவிக்கும் ஒரு வரிசை, அதில் நீர்மட்ட எண் மட்டுமே சேர வேண்டும். அப்படிப்பட்ட வரிசைகளை ஒரே அரேயில், அதாவது அறை அறையாகப் பிரித்த ஒரே பெட்டியில், அடுக்கப் பார்த்தேன். நான் புரோகிராம் எழுதும் ஜாவா மொழி முடியாது என்றது. உள்ளே இருப்பது வரிசை என்றுதான் அரேக்குத் தெரியும், அந்த வரிசைக்குள் எது போகலாம் என்பது புரோகிராம் ஓடும்போது அதற்குத் தெரியாது. நானா விடுவேன்? எதையும் வாங்கும் வெறும் வரிசைகளால் அரே செய்து, 'எண் மட்டும்' என்று மேலே லேபிள் ஒட்டினேன். நான் பொறுப்பில்லை என்பதுபோல் ஜாவா எச்சரிக்கையாக மஞ்சள் கோடு போட்டது. மஞ்சள் கோட்டோடு வாடிக்கையாளருக்குக் காட்டக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். எச்சரிக்கையை அடக்கு என்று ஒரே வரி எழுதி அதன் வாயை அடைத்தேன். பெரிய கெட்டிக்காரி!

"அருவில தண்ணி அளக்குற ஒரு சென்சார் 'பழுது'ன்னு எழுத்தா அனுப்பிருக்குட்டி. அது உன் வரிசையில போய் உக்காந்துட்டு. எண்ணுன்னு நெனச்சு எடுத்ததும் எல்லாம் விழுந்துட்டு," என்றாள் நிலோபர். புரோகிராமை மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் விழுந்தது. "மத்த சென்சார்ல தண்ணி ஏறுது, காளி."

வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது. ஆறாவது தடவை எடுத்தார்.

"ஏங்க, அபி எங்க?"

"பொம்பளைங்க பக்கம் குளிக்கா. நான் கரையில நிக்கேன்."

"வெளிய கூப்பிடுங்க! தண்ணி வருது!"

"பதறாதட்டி. போலீஸ்காரரும் ஏறச் சொன்னாரு. எம் பொண்டாட்டி எழுதுன சைரன் அடிக்கட்டும், அப்ப ஏறுதோம்னேன். என்னை நம்பி பத்து பேரு நிக்காங்க."



"அது செத்துப்போச்சுங்க. நாந்தான் கெடுத்தேன். ஓடுங்க!"

அவர் அபி, அபி என்று கத்துவது கேட்டது. பிறகு தண்ணீரின் இரைச்சல் மட்டும். நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். அபியின் அழுகை கேட்கும்வரை அதை இறக்கவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சு," என்றார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "இனி எம் பொண்டாட்டி எழுதுனதுன்னு யார்ட்டயும் சொல்லமாட்டேன்ட்டி."