மிஸஸ் ஹார்ட்லியின் வீடு

வேட்டியின் கடைசி மடிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் டாக்ஸி வந்து நிற்பது வசுமதிக்கு ஜன்னல் வழியே தெரிந்தது. பனியில் முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. பின்னாலேயே மிஸஸ் ஹார்ட்லி இறங்கினாள். எண்பத்தொரு வயது. கறுப்புத் தொப்பி, கறுப்புக் கையுறை. டிரைவர் கை கொடுத்ததை மறுத்துவிட்டு, படிகளை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாக ஏறினாள்.

அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்த அம்புஜம் எட்டிப் பார்த்தாள். மொன்ட்ரியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள புரோசார்டிலிருந்து வந்து மூன்று நாளாகக் கூடவே இருக்கும் சிநேகிதி அவள்தான்.

"வசு, அந்த வெள்ளைக்கார அம்மா வந்திருக்காங்க. உள்ள கூப்பிடட்டுமா?"

"அவங்க வீடுதானே. யாரும் கூப்பிட வேண்டாம்."

அம்புஜம் போய்க் கதவைத் திறந்தாள்.

வேட்டியைப் பத்து மணிக்குள், உடலை வைத்திருக்கும் ஃப்யூனரல் ஹோமுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் அவள் கணவர் நாகசுப்பிரமணியன் அங்கேதான் இருந்தார். அன்று மதியம் வழக்கம்போல மிஸஸ் ஹார்ட்லியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். முதியோர் இல்லத்தில் அவளுடைய அறைக்குப் போய், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, உட்கார்ந்து, தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் கொடுத்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்பது.

கடைசித் தண்ணீரை அவள் கையால் குடித்தார் என்பதை வசுமதியால் விழுங்க முடியவில்லை. அழுகை வரும்போதெல்லாம் அந்த நினைப்பு குறுக்கே வந்து நின்றது.

அறுபத்தொன்பதில் சென்ட் லோரன்ட் வாடகை ஃபிளாட்டை விட்டு, மொன்ட்ரியல் வெஸ்டில் வீடு பார்த்து அலைந்த நாட்கள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. மேப்பிள் மரங்கள் கவிந்த தெருக்கள், ரயில் நிலையம், செங்கல் வீடுகள், அத்தனையிலும் ஆங்கிலேயர்கள். போனில் கேட்டபோது விற்பனைக்கு இருந்த வீடு, இவர்கள் நேரில் போய் நின்றதும் விற்றுப் போயிருக்கும். நான்கு இடத்தில் அப்படி ஆயிற்று. ஐந்தாவது வீட்டில் மிஸஸ் ஹார்ட்லி கதவைத் திறந்து, இவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். தான் மெக்கானிக்கல் என்ஜினியர் என்றார் அவர். இரண்டு பேரும் நிலவறைக்கு இறங்கிப் போனார்கள். கோட்டோடு ஹாலில் நின்ற வசுமதியை யாரும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, சிரித்துப் பேசிக்கொண்டே மேலே வந்தபோது வீடு முடிவாகியிருந்தது.

அதன்பின் இந்த வீட்டில் எதற்கும் ஒரு மிஸஸ் ஹார்ட்லி இருந்தாள். அடுக்களைக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கலாமென்றால், நாற்பது வருஷமாகப் பச்சைதான் என்று மிஸஸ் ஹார்ட்லி சொன்னாளாம். ரோஜாச் செடியைப் பெயர்த்து வைக்கலாமென்றால், அது அவள் புருஷன் நட்டதாம். அவளுடைய மகன் டொரொன்டோவில் இருந்தான், வருவதில்லை. ஞாயிறுதோறும் போனது இவர்தான்.

"அந்தம்மாவுக்கு யாரு இருக்கா வசு? வீட்டையே நம்மகிட்ட கொடுத்துட்டு ஒரு ரூம்ல உக்காந்திருக்காங்க" என்பார்.

நிலவறைக்கு வசுமதி ஒரு தடவைகூட இறங்கியதில்லை. துணி துவைக்கும் மெஷினையும் பிடிவாதமாக மேலேயே வைக்கச் சொன்னாள். அது அவர்கள் இரண்டு பேருடைய இடம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் கேட்டபோது படி செங்குத்தாக இருக்கிறது என்றாள்.

மிஸஸ் ஹார்ட்லி அடுக்களையில் உட்கார்ந்தாள். அம்புஜம் கொடுத்த காப்பிக்கு ஸ்பூன் இல்லை. கிழவி யாரையும் கேட்காமல் கையை நீட்டி இரண்டாவது டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். வசுமதி அதைப் பார்த்துக்கொண்டே வேட்டியைப் பையில் வைத்து அம்புஜத்தின் கணவர் பாலசந்திரனிடம் கொடுத்தாள். அவர் காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் மகள் நளினி மாடியிலிருந்து கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அறைகளுக்குச் சூடு தரும் ரேடியேட்டர் எதுவும் சுடவில்லை என்றாள். அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். கூடத்தில் வந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. பாய்லருக்கு எண்ணெய் போடும் கம்பெனிக்குப் போன் செய்ததற்கு, சாயங்காலம்தான் ஆள் வர முடியும் என்றார்கள். ஒரு மணிக்கு எல்லோரும் இறுதிச் சடங்குக்குக் கிளம்ப வேண்டும். அதற்குப் பின் திரும்பி வர வேண்டிய வீடு இது.

மிஸஸ் ஹார்ட்லி எழுந்து போய் ரேடியேட்டர்மேல் கையுறையில்லாத உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தான் கீழே போய்ப் பார்ப்பதாகவும், யாராவது ஒருவர் கைபிடித்தால் போதும் என்றும் சொன்னாள். இரண்டு ஆண்கள் எழுந்தார்கள்.

"இருங்க, நான் போறேன்" என்றாள் வசுமதி.

கேட்கவேண்டியது ஒன்று இருந்தது. மற்றவர்கள் முன்னால் கேட்க முடியாது.

நிலவறையில் எண்ணெய் வாடை அடித்தது. பழைய பாய்லர் ஒரு மாடு படுத்திருப்பதுபோல மூலையில் கிடந்தது. கிழவி கைத்தடியால் சுட்டிக் காட்டிச் சொல்லச் சொல்ல, வசுமதி செய்தாள். சின்னக் குழாயைத் திருகி, அளவு காட்டும் முள் கறுப்புக் கோட்டைத் தொடும்வரை தண்ணீர் விட்டாள். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிஷம் பொறுத்து மறுபடி அமுக்க வேண்டும் என்றாள் கிழவி.

அந்த ஐந்து நிமிஷத்தில் வசுமதி கேட்டாள். கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று.

மிஸஸ் ஹார்ட்லி கைத்தடியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். தண்ணீரைக் குடித்த பிறகு அவர் என்னைப் பார்க்காமல் உங்கள் பாஷையில் ஏதோ சொன்னார், இரண்டு மூன்று வார்த்தை இருக்கும் என்றாள். புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டாளாம். அந்தச் சத்தத்தை மறக்காமல் கொண்டுவந்து உன்னிடம் சேர்க்க வேண்டும் என்று மூன்று நாளாகப் பாடுபட்டேன், இன்று காலையில் அதுவும் போய்விட்டது என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வசுமதி மறுபடி பொத்தானை அமுக்கினாள். பாய்லருக்குள் குப்பென்று ஒரு சத்தம். பிறகு நெருப்பு சீராக இரைய ஆரம்பித்தது.

"இதைப் பார்" என்றாள் கிழவி ஆங்கிலத்தில்.

பாய்லருக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில் வரிசையாகப் பென்சில் எழுத்துகள். அவள் புருஷன் ஒவ்வொரு வருஷமும் பாய்லர் ஏற்றிய தேதியைக் குறித்து வைத்தது. முப்பத்தொன்றிலிருந்து எல்லாமே அக்டோபர் பாதிக்குமேல். அக்டோபரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன்னால் ஏற்றக் கூடாது என்பது அவருடைய சட்டமாம். அதை உன் கணவரிடமும் சொல்லியிருந்தேன், வருஷா வருஷம் சரி சரி என்பார் என்றாள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் எட்டு வரி இருந்தது. கிழவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தேதிகளின்மேல் விரலை ஓட்டினாள்.

"செப்டம்பர்" என்றாள். "எல்லாமே செப்டம்பர்."

வசுமதி கிட்டே போய்ப் பார்த்தாள்.

28-9-69. வசுவுக்குக் குளிர்கிறது.

21-9-70. வசுவுக்குக் குளிர்கிறது.

எட்டு வருஷத்துக்கும் அதே வாக்கியம். கடைசி வரி போன வருஷத்தது: 9-9-76.

தேதிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, செப்டம்பரிலேயே ஏற்றியதை ஏன் தன்னிடம் மறைத்தார் என்று கேட்டாள் மிஸஸ் ஹார்ட்லி. வருத்தமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

வசுமதி கடைசி வரியின்மேல் விரலை வைத்தாள்.

"குளிர் என்று எழுதியிருக்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில். பெயரைச் சொல்லவில்லை.

மேலே குழாய்கள் டக் டக்கென்று விழித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வசுமதி பாய்லர் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டுக் கிழவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படி இரண்டு பேருக்குப் போதாது. ஒருக்களித்து, தோளோடு தோள் உரச, ஒவ்வொரு படியாக ஏறினார்கள்.