செய்ஜி மன்னிப்புக் கேட்கவில்லை

செய்ஜி தன் நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கதைக்குள்ளேயே வருகிறான். உப்புச் சுரங்கத்தில் இரண்டு பேரும் கைதிகள். தப்பிக்க வழி கண்டுபிடித்தது நண்பன். அதைக் காவலர்களிடம் சொல்லி, பதிலுக்குத் தன் விலங்கைக் கழற்ற வைத்து வெளியே நடந்தவன் செய்ஜி. இந்த வீடியோ விளையாட்டின் நாயகன் இவன்தான். ஆடுகிறவர்கள் நாற்பது ஐம்பது மணி நேரம் இவனாகத்தான் இருந்தாக வேண்டும். அதனால் செத்துப்போன நண்பனின் அம்மா கத்தியோடு ஊர் ஊராக இவனைத் தேடுகிறாள். ஒரு நாள் எதிரே வந்து நின்று, என் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல் என்கிறாள். செய்ஜி அவளை நேராகப் பார்க்கிறான். "நான் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது" என்கிறான். அவ்வளவுதான். அவளைத் தாண்டிப் போகிறான். மழைகூடப் பெய்யாது.

அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது, யாரோ முதல் முறையாகப் பொய் சொல்லாமல் பேசின மாதிரி இருந்தது.

அது இன்னும் வெளிவராத ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம். ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் வெளியாட்களைக் கூட்டிவந்து அதை ஆடவைத்து, என்ன தோன்றியது என்று கேட்டு எழுதி ஜப்பானுக்கு அனுப்புவது எங்கள் வேலை. நான் அங்கே ஒப்பந்த ஊழியர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். எங்கள் ஊர் மேலப்பாளையத்தில் கேட்டால் நஸ்ரின் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டரில் இருக்கிறாள் என்பார்கள். இங்கேயோ பெயரைக் கேட்டதும் எல்லோரும் உருதுவில் ஆரம்பிப்பார்கள். எனக்கு உருது வராது என்றால், ஏதோ மறைக்கிறேன் என்பதுபோல் பார்ப்பார்கள்.

வேலைக்கு ஒரு முறை உண்டு. ஆடுகிறவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. நம் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டு, பதிலை ஒரு வரியாகச் சுருக்கி நிறம் போட வேண்டும். பிடித்திருந்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு, ரெண்டுங்கெட்டானுக்கு மஞ்சள். வெறுப்பு, கோபம், எரிச்சல் என்று எந்தச் சொல் வந்தாலும் சிவப்பு. ஜப்பானில் நிறக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஹர்ஷிதா என்று ஒரு மருத்துவ மாணவி. அந்த அம்மாவின் காட்சி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெலுங்கில் திட்டினாள். இவன் மனுஷனே இல்லை, கையில் கிடைத்தால் கொன்றுவிடுவேன் என்றாள். நேரம் முடிந்துவிட்டது, கிளம்பலாம் என்றேன். கன்ட்ரோலரைத் தரமாட்டேன் என்றாள். அடுத்த ஊருக்கு இவன் போகிறதைப் பார்த்துவிட்டுப் போகிறேனே என்று கெஞ்சினாள். இர்ஃபான் என்று இன்னொருத்தர், வங்கியில் வேலை. ஆடி முடித்துவிட்டு வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனை வெறுக்கிறேன், நானாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன், அதனால் இன்னும் வெறுக்கிறேன் என்றார்.

இரண்டுமே சிவப்பு.

எனக்கு ஒப்பவில்லை. எங்கள் டீம் லீட் ஜெயராமிடம் போனேன். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவரின் மகன். தமிழும் ஹைதராபாத்தின் தக்கனி உருதுவும் கலந்து நன்றாகவே பேசுவார், சிரிக்க வைப்பார். வெறுக்கத்தக்கவனாகத்தானே இவனைச் செய்திருக்கிறார்கள், வெறுப்பு வந்தால் காட்சி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம், இதற்கு வேறொரு நிறம் வேண்டும் என்றேன்.

"நக்கோ, வேண்டாம் நஸ்ரின்" என்றார். "மூணு கலர்தான் அப்ரூவ் ஆயிருக்கு. நாலாவது கேட்டா நாலு மீட்டிங். நீ என்ன, ஹோலியா கொண்டாடப் போறே?"

பக்கத்து மேஜையெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். அறிக்கை போனது. நாயகன் பெயருக்கு நேராக ஒரே சிவப்பு.

இரண்டு மாதத்தில் ஜப்பானிலிருந்து புது வடிவம் வந்தது. அதே ஊர், அதே அம்மா, அதே கத்தி. இப்போது மழை பெய்தது. செய்ஜி சேற்றில் மண்டியிட்டு, என்னை மன்னித்துவிடுங்கள் என்று அழுதான். அவள் கத்தியைப் போட்டுவிட்டு அவன் தலையைத் தடவினாள். பின்னால் பியானோ.

வந்தவர்கள் ஆடினார்கள். ஓகே என்றார்கள். நல்லாருக்கு என்றார்கள். அந்தக் காட்சி ஓடும்போது ஒருத்தர் போனை எடுத்து சாப்பாடு ஆர்டர் செய்தார். யாரும் திட்டவில்லை, யாரும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. எல்லாம் பச்சை. ஜெயராம் டீமுக்கு பிரியாணி வாங்கித்தந்தார். எனக்கு இறங்கவில்லை. ஒரு மனிதனை மண்டியிட வைத்துவிட்டு அதற்கு விருந்து சாப்பிடுகிறோம் என்று தோன்றியது. அவன் பொம்மைதான். இருந்தாலும் தோன்றியது.

ஜப்பான் தயாரிப்பாளர் காணொளியில் வந்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினார். இரண்டு சுற்றின் பதிவுகளையும் அவரே உட்கார்ந்து பார்த்திருந்தார். முதல் சுற்றில் எழுந்து போக மாட்டேன் என்றவர்களை நீங்கள் ஏன் சிவப்பு என்றீர்கள் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வெளியீட்டுத் தேதி அறிவித்தாயிற்று, இனிமேல் பழைய காட்சியைத் திருப்பி வைக்க முடியாது என்றார். அதை எழுதியவர், மாற்ற மாட்டேன் என்று சண்டை போட்டு வேலையை விட்டுப் போய்விட்டார் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

ஜெயராம் உடனே, நிறம் போட்டவர் புது ஆள், அனுபவம் போதாது என்றார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே வாயைத் திறந்தேன். அவர் மைக்கை அணைத்துவிட்டு, அப்புறம் பேசலாம் என்று என் கையைத் தட்டினார்.

அப்புறம் பேசினார். நான் ஒரு மெயில் எழுத வேண்டும். தவறு என்னுடையது, வழிமுறையை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, மன்னிக்கவும். எழுதினால் க்ளையன்ட் அடங்கிவிடுவார், என் ஒப்பந்தமும் நீளும். எழுதாவிட்டால் அந்த மாதக் கடைசியோடு சரி.

"நான் வந்து உங்ககிட்டச் சொன்னேன் ஜெயராம்."

"ஹவ், ஆமா, சொன்னே. யாரு இல்லேங்கறா?" என்றார். "ஒரு சாரிதானேம்மா. நான் ஒரு நாளைக்குப் பத்து பேருகிட்ட சொல்றேன். என்ன குறைஞ்சு போயிட்டேன்?"

அவர் குறைய மாட்டார். அவர் சாரி சொன்னால் அதை மரியாதை என்பார்கள், நான் சொன்னால் ஒப்புக்கொண்டாள் என்பார்கள். பிளஸ் டூ முடித்து மேலே படிக்கிறேன் என்றதற்குப் பெரியமாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உதவித்தொகை தாமதமாக வந்ததற்கு விடுதிக் காப்பாளரிடம் கேட்டேன், அரசாங்கத்துக்கும் சேர்த்து. முதல் நேர்காணலில் என் ஆங்கிலத்துக்காகக் கேட்டேன். செய்யாததற்கெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு அது கொட்டாவி மாதிரி வரும். வரவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எழுத மாட்டேன்" என்றேன்.

சரி, உன் இஷ்டம் என்றார். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை மெயில் வந்தது. ஜப்பானுக்கு ஜெயராம் எழுதியது, பிரதி எனக்கும். எங்கள் ஊழியர் நஸ்ரின் தன் தவறை முழுமையாக ஏற்று ஆழ்ந்த மன்னிப்பைத் தெரிவிக்கச் சொன்னார், அவரை இந்த வேலையிலிருந்து விலக்கியிருக்கிறோம்.

என்னைக் கேட்காமலேயே மண்டியிட வைத்துவிட்டார்.

எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதினேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பிழை வரும் என்று முன்பே சொன்னேன். முதல் சுற்றில் ஆடியவர்கள் செய்ஜியை வெறுத்தார்கள், அவனை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தார்கள். இவ்வளவுதான் எழுதினேன். அனுப்பினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் லேப்டாப் பூட்டிக்கொண்டது. செக்யூரிட்டி வந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் உங்களுதா மேடம், எடுத்துக்கோங்க என்றார். ஜெயராம் தன் இடத்தில் இல்லை. ஜப்பானிலிருந்து பதில் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் நான் பார்த்திருக்க முடியாது.

சாலையோரம் நின்று உம்மாவுக்குப் போன் செய்தேன். உம்மா பீடி சுற்றுகிறவள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இலை வெட்டிக்கொண்டே பேசுவாள். வேலை போய்விட்டது என்றேன். மேலதிகாரியோடு சண்டை என்று மட்டும் சொன்னேன். செய்ஜியை எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

கத்திரிக்கோல் சத்தம் விடாமல் கேட்டது.

"ஏட்டி, அவரு பெரிய ஆளுதானே" என்றாள். "போயி ஒரு மன்னிப்புக் கேட்டுப் பாரேன். கேட்டா என்ன?"

எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாக ஊர்ந்தன. ஒரு லாரி ஹாரனை அழுத்தியபடியே கடந்து போனது. அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"மாட்டேன் உம்மா."

கத்திரிக்கோல் நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கினாள்.